முகப்பைத் தொட்டால் ஏன் கோபம் வருகிறது?

1

ஒரு இதழ் தன் இலச்சினையை மாற்றுகிறது. உள்ளே கட்டுரை, கதை, கவிதை எல்லாம் வழக்கம் போலத்தான். ஆசிரியர் குழு ஓரமாக ஒரு குறிப்பு எழுதுகிறது: காலத்துக்கேற்ற தோற்றம், உள்ளடக்கத்தில் மாற்றம் ஏதுமில்லை. அடுத்த இதழுக்குள் கடிதங்கள் வந்து குவிந்துவிடுகின்றன. கதை நன்றாக இல்லை என்றபோது ஒரு கார்டுகூடப் போடாதவர்கள் இப்போது மூன்று பக்கம் எழுதுகிறார்கள்.

‘ஒரு எழுத்து வளைவுக்கா இத்தனை ரகளை’ என்று வெளியிலிருந்து பார்க்கிறவன் சிரிக்கலாம். சிரிக்கிறவன் பெரும்பாலும் ஆணாகத்தான் இருப்பான். அது மதம் சார்ந்த பெண்கள் இதழாகவும் இருந்துவிட்டால் சிரிப்பது இன்னும் சுலபம். பக்தி, பெண், பழக்கம் மூன்றும் சேர்ந்த இடத்தில் அறிவுக்கு என்ன வேலை என்கிற நினைப்பு. இந்த நினைப்பைக் கேள்விக்குட்படுத்துவதுதான் இக்கட்டுரையின் வேலை. இலச்சினை மாற்றத்துக்கு எதிராக வரும் கோபத்தை ரசனைச் சிக்கலாகப் பார்ப்பது தவறு. அது உடைமை குறித்த வழக்கு என்பது என் வாதம்.

இப்படி வரும் எதிர்வினைகளை வரிசைப்படுத்தினால் மூன்று குரல்கள் தேறும். பழையதுதான் அழகு என்பது ஒன்று. புதியது ஏதோ வங்கி விளம்பரம் மாதிரி இருக்கிறது என்பது இன்னொன்று. எங்களைக் கேட்டீர்களா என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் ஆசிரியர் குழு பதில் சொல்லிவிடும்: ரசனை ஆளுக்கு ஆள் மாறும், பழகினால் பிடித்துவிடும். மூன்றாவதுக்குப் பதில் வராது. முதல் இரண்டுமே மூன்றாவதைச் சொல்லத் தெரியாமல் சொல்லப்பட்டவை என்றுதான் படுகிறது.

ழெரார் ழெனெத் 1987இல் ஒரு பிரதியின் தலைப்பு, அட்டை, முன்னுரை, ஆசிரியர் பெயர் ஆகியவற்றைப் பற்றி மட்டும் ஒரு முழு நூல் எழுதினார். வாசற்படிகள் என்று பொருள்படும்படி அதற்குப் பெயரும் வைத்தார். இவை பிரதிக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. இவற்றைக் கடந்துதான் வாசிப்புக்குள் நுழைகிறோம் என்றார். சரிதான். ஆனால் ழெனெத்தின் கணக்கில் வாசற்படி ஆசிரியருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் சொந்தம். வாசகர் கடந்து போகிறவர், அவ்வளவே. பெண்கள் இதழ்களில் இந்தக் கணக்கு உதைக்கிறது. அங்கே இன்று கடிதம் எழுதுகிறவள் நாளைக்குக் கட்டுரை எழுதுவாள், அடுத்த வருஷம் மெய்ப்புத் திருத்துவாள். அவள் படியைக் கடந்து வந்த விருந்தாளி அல்ல, வீட்டுக்காரி. வீட்டுக்காரியைக் கேட்காமல் வாசக்காலைப் பெயர்த்தால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது.

2

இதைப் பொதுப்படையாகவே பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. அமெரிக்காவின் மார்மன் சபைப் பெண்கள் நடத்திய இதழ்களின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 150 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த வரலாற்றில் இதழின் முகம் யாருடையது என்ற கேள்வி திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது.

1830இல் தொடங்கிய இந்தச் சபை இடம் விட்டு இடம் துரத்தப்பட்டு 1847இல் யூட்டாவின் உப்பேரிப் பள்ளத்தாக்கில் குடியேறியது. குருத்துவம் ஆண்களுக்கு மட்டும். பலதார மணத்தை 1852இல் வெளிப்படையாக அறிவித்தது. 1890இல் கைவிடுவதாகச் சொன்னது. 1856இலேயே ரிபப்ளிகன் கட்சி தன் கொள்கை அறிக்கையில் அடிமைமுறையையும் பலதார மணத்தையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை மிச்சங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லியிருந்தது. ஆக, கிழக்கே இருந்த அமெரிக்கனுக்கு மார்மன் பெண் ஓர் அடிமை, பரிதாபத்துக்குரியவள், வாயில்லாப் பூச்சி.

அந்த வாயில்லாப் பூச்சிகளுக்கு 1870இலேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது. 1872 ஜூன் 1ஆம் தேதி சால்ட் லேக் சிட்டியில் ‘உமன்ஸ் எக்ஸ்போனன்ட்’ என்ற இதழையும் தொடங்கிவிட்டார்கள். முதல் ஆசிரியர் லூலா கிரீனுக்கு வயது 23. 1877 முதல் 1914 வரை ஆசிரியராக இருந்தவர் எம்மலைன் வெல்ஸ், தானே பலதார மணத்தில் வாழ்க்கைப்பட்டவர். சபையின் ஆசி இருந்தது, ஆனால் இதழ் சபையின் உடைமை அல்ல.

1914இல் இதழ் நின்றது. அப்போது வெல்ஸ்தான் ‘ரிலீஃப் சொசைட்டி’ என்ற சபையின் பெண்கள் அமைப்புக்கே தலைவர். தன் இதழை அந்த அமைப்பு ஏற்று நடத்த வேண்டும் என்று விரும்பினார், நடக்கவில்லை. 1915இல் அமைப்பு வேறு பெயரில், ‘ரிலீஃப் சொசைட்டி மேகஸீன்’ என்று சொந்த இதழ் கொண்டுவந்தது. அதுவும் 1970 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. பெரியவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ‘என்சைன்’ என்று ஒரே இதழ் 1971 ஜனவரியில் வந்தது. அதே காலத்தில்தான் பெண்கள் அமைப்பின் தனி நிதியும் சபையின் பொது நிர்வாகத்துக்குள் போனது. இதற்கெல்லாம் ஒருங்கிணைப்பு என்று பெயர். இதழும் போனது, கஜானாவும் போனது. உறுப்பினர் பட்டியல் மட்டும் முன்னைவிடப் பெரிதானது. சபையின் வயதுவந்த பெண்கள் எல்லோரும் இனித் தாமாகவே உறுப்பினர்கள் என்றார்கள்.

பாஸ்டன் பக்கத்தில் சில பெண்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளாடியா புஷ்மன், பின்னாளில் வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற லாரல் தாட்சர் உல்ரிக் போன்றவர்கள். அவர்களில் ஒருவர் ஹார்வர்டின் வைட்னர் நூலகத்தில் உமன்ஸ் எக்ஸ்போனன்ட்டின் பழைய தொகுதிகளைக் கண்டெடுத்தார். தங்கள் பாட்டிமார் இப்படியெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. 1974 ஜூலையில் ஓர் இதழ் வந்தது. பெயர் ‘எக்ஸ்போனன்ட் டூ’.

அந்த இரண்டு என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். நின்று 60 ஆண்டு ஆன ஓர் இதழின் அடுத்த வரிசை எண்ணை யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். முகப்பில் ஒரு எண்ணைப் போட்டதன் மூலம் இடைப்பட்ட 60 ஆண்டு நிறுவன வரலாற்றை ஒதுக்கிவிட்டுத் தங்கள் வம்சாவளியைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். மேலிடத்துக்குக் கசந்தது. 1975இல் புஷ்மன் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. கணவர் அந்த வட்டாரத்துச் சபைப் பொறுப்பாளர், மனைவி இப்படியொரு இதழ் நடத்தலாமா என்பது சிக்கல். ஆள் மாறினார், பெயரும் எண்ணும் நின்றன. எது உண்மையில் சொத்து என்பது இதிலிருந்தே தெரிகிறது.

3

இனி ‘உள்ளடக்கத்தில் மாற்றமில்லை’ என்ற சமாதானத்துக்கு வருவோம்.

உமன்ஸ் எக்ஸ்போனன்ட் 1879இல் தன் பெயருக்குக் கீழே ஒரு வரியைச் சேர்த்தது. சீயோன் பெண்களின் உரிமைகள், அனைத்துத் தேசப் பெண்களின் உரிமைகள் என்பது அதன் பொருள். சீயோன் என்றால் அவர்கள் சபை. ஊரெல்லாம் அடிமை என்று பரிதாபப்பட்ட பெண்கள், பரிதாபப்பட்டவர்களின் உரிமைக்கும் சேர்த்துப் பேசுவதாக நெற்றியில் எழுதிக்கொண்டார்கள். இரக்கத்தின் திசையையே திருப்பிவிட்ட வரி அது.

1887இல் காங்கிரஸ் பலதார மணத்துக்கு எதிரான சட்டத்தோடு சேர்த்து யூட்டா பெண்களின் வாக்குரிமையையும் பறித்தது. 1896இல் யூட்டா மாநிலமானபோது அது திரும்பி வந்தது. 1897இல் முகப்பு வரி மாறியது. யூட்டா பெண்களின் கையிலுள்ள வாக்குச்சீட்டு வீட்டையும் மாநிலத்தையும் தேசத்தையும் மேம்படுத்தும் சக்தியாக வேண்டும் என்ற பொருளில் புதிய வரி வந்தது.

பெயர் அதே பெயர், ஆசிரியர் அதே வெல்ஸ். ஆனால் உரிமை என்ற சொல் போய்விட்டது, கடமை வந்திருக்கிறது. அனைத்துத் தேசம் யூட்டாவாகச் சுருங்கியிருக்கிறது. அமெரிக்கா முழுமைக்கும் பெண்களின் வாக்குரிமை 1920இல்தான் அரசியல் சட்டத்தில் ஏறியது. தாங்கள் கரையேறிய மறு வருஷமே மற்றவர்களைப் பற்றிய பேச்சை நெற்றியிலிருந்து அழித்துவிட்டார்கள் என்று வாசிக்க இடமிருக்கிறது. உள்ளே கட்டுரைகளில் வேறு மாதிரிப் பேசியிருக்கலாம். ஆனால் முகப்பு ஒரு குறிப்பான் என்ற முறையில் தனியாகப் பேசுகிறது, ஒவ்வொரு இதழிலும் பேசுகிறது.

ஆக, தோற்றம்தான் மாறியது என்கிற ஆசிரியர் குழுவின் வாதம் நிற்காது. உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு என்ற பிரிவினையை விமர்சனம் என்றோ கைவிட்டாகிவிட்டது. இதழ் அலுவலகங்களில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அதேசமயம், ஆதியில் இருந்ததை மாற்றாதே என்ற வாசகர் வாதமும் நிற்காது. 1879இன் வரியே இதழ் தொடங்கி ஏழு வருஷம் கழித்து வந்ததுதானே. ஆதி முகம் என்று ஒன்று கிடையாது. இருப்பது மாற்றங்களின் வரிசை. எந்த மாற்றத்தில் எது விடுபட்டது, யார் விட்டது என்பதுதான் கேள்வி.

4

வாசகர் கோபம் எப்போதும் நியாயம் என்று சொல்ல வரவில்லை. எக்ஸ்போனன்ட் டூ தன் பெயரோடு பல ஆண்டுகள் வைத்திருந்த வரி இதற்கு நல்ல உதாரணம். நான் ஒரு பெண்ணும் சகோதரியும் அல்லவா என்று கேட்கும் வரி.

மார்மன் சபைக் கூட்டங்களில் ஒவ்வொரு பெண்ணையும் சகோதரி என்று சொல்லித்தான் அழைப்பார்கள். ஆகவே இதழின் வாசகிக்கு அந்த வரி இரட்டை அர்த்தம் தருகிறது. நான் பெண்ணியவாதி, அதோடு உங்கள் சபைச் சகோதரியும்தான், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லாதே. ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுக்க நடந்த சண்டையை ஒரு வரியில் சொல்லிவிட்டதால் அதன்மேல் பிடிப்பு ஏற்பட்டதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்த வரி அவர்களுடையதல்ல. விலங்கிட்ட கைகளைக் கூப்பி மண்டியிட்டிருக்கும் கறுப்பின அடிமைப் பெண்ணின் படத்தோடு பிறந்தது அது. 1787இல் இங்கிலாந்தில் ஆணுருவில் வந்த இலச்சினைக்குப் பின்னர் செய்யப்பட்ட பெண்ணுரு. 1832இல் அடிமைமுறை எதிர்ப்பு ஏடான ‘லிபரேட்டர்’ தன் மகளிர் பகுதியின் தலைப்பில் அந்தப் படத்தைப் போட்டது. அந்த மண்டியிட்ட பெண்ணும் தன் வாயால் பேசவில்லை. வெள்ளையர்கள் அவளுக்காக எழுதிக்கொடுத்த கேள்வி அது. நூறாண்டுக்கு மேல் கழித்து அந்த வரி மட்டும் பிரிந்து வந்து, பெரும்பாலும் வெள்ளைப் பெண்கள் நடத்தும் இதழின் நெற்றியில் ஏறியது. 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவத்தையும், கறுப்பினப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் கோயிலின் உயர் சடங்குகளையும் மறுத்துவந்த ஒரு சபைக்குள்ளிருந்து வந்த இதழ் அது.

இப்படிப்பட்ட வரியை எடு என்று ஒருத்தி எழுதுகிறாள், எடுக்காதே என்று இன்னொருத்தி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாக இருக்க எனக்கு உத்தேசமில்லை. வரியை எடுக்கத்தான் வேண்டும். அதன்மேல் ஒரு வாசகிக்கு உள்ள பிடிப்பு உண்மையானது. ஆனால் அந்தப் பிடிப்பு இன்னொருத்தியின் விலங்கை மறந்ததால்தான் சாத்தியமானது. அதேசமயம், புதிய இலச்சினை என்ற சாக்கில் ஓசைப்படாமல் எடுப்பதும் ஏமாற்று வேலை. ஏன் எடுத்தோம், இத்தனை காலம் ஏன் வைத்திருந்தோம் என்பதை அதே பக்கத்தில் எழுதிவிட்டு எடுக்க வேண்டும். மௌனமாக அழிப்பது அழித்தவர்களுக்கு மட்டுமே சௌகரியம்.

5

கடைசியாக ஓர் ஒப்பீடு. இதழ் மட்டுமல்ல, சபையும் இலச்சினை மாற்றியிருக்கிறது. 1995இல் சபையின் பெயரை எழுதும் முறை மாறியது. இயேசு கிறிஸ்து என்ற சொற்கள் பெரிதாயின. 2018இல் மார்மன் என்ற பெயரையே இனிப் பயன்படுத்த வேண்டாம் என்றார் சபைத் தலைவர். 2020 ஏப்ரலில் கிறிஸ்துவின் உருவத்தோடு புதிய இலச்சினை வந்தது. எல்லாம் மேலிருந்து வந்த அறிவிப்புகள். அந்த அறிவிப்புகளோடு வாசகர் கடிதப் பக்கம் எதுவும் சேர்ந்து வரவில்லை. பிடிக்காதவர்கள் இருந்திருப்பார்கள், முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் எங்களைக் கேட்டீர்களா என்று உரிமையோடு கேட்க அங்கே பிடிமானம் கிடையாது. கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்பே இல்லாத இடம் அது.

தான் வாழும் மதத்தின் முகத்தைத் தீர்மானிப்பதில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு பெண், தன் இதழின் முகத்துக்காக மூன்று பக்கம் எழுதுகிறாள் என்றால், சண்டை போட முடிகிற ஒரே இடத்தில் சண்டை போடுகிறாள் என்று அர்த்தம். மேலே கேட்க முடியாத கேள்வியும் சேர்ந்துதான் இங்கே வந்து விழுகிறது. அதனால்தான் ஓர் எழுத்து வளைவுக்குப் பொருந்தாத அளவு கோபம் அதில் தெரிகிறது.

இதைப் புரிந்துகொண்ட ஆசிரியர் குழு கடிதங்களைச் சுருக்காமல் போடும். பழகிவிடும் என்று சமாதானம் சொல்லாது. எழுதாதவர்களையும் தேடிப் போய்க் கேட்கும். நான்காம் பகுதியில் சொன்ன மண்டியிட்ட பெண்ணின் பேத்திகள் சந்தாப் பட்டியலில் எத்தனை பேர் என்று பார்க்கும். பிறகு முகப்பை மாற்றட்டும், தாராளமாக மாற்றட்டும். வாசகரைக் கேட்காமல் மாற்றினால், எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், எந்த நிறுவனத்திலிருந்து தப்பித்து வந்து இதழ் தொடங்கினார்களோ அந்த நிறுவனத்தின் வேலையைத்தான் அவர்களும் செய்திருப்பார்கள்.