காக்கையும் பனம்பழமும்

கணிப்பொறியை இயக்கியதும் அதன் உறுப்புகளை எழுப்பி வேலையில் அமர்த்தும் அடிப்படை நிரலைக் கெர்னல் என்பர். லினக்ஸ் இயக்க அமைப்பின் கெர்னல் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பாக வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். அவற்றுள் ஏதோ ஒன்றால் கணிப்பொறி எழவே மறுத்தால், அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கென்றே 'கிட்' என்னும் மென்பொருளில் 'பைசெக்ட்' என்ற கருவி உள்ளது. அகராதியை நடுவில் பிரித்துச் சொல் தேடுவது போன்றதே இதன் முறை. வரிசையில் நடுவிலுள்ள மாற்றம்வரை சேர்த்துக் கெர்னலை உருவாக்கி இயக்கிப் பார்க்கிறோம். கணிப்பொறி எழுந்தால் 'நல்லது' என்கிறோம். எழாவிட்டால் 'கெட்டது' என்கிறோம். ஒரு பாதி கழிந்துவிடும். மிஞ்சியதை மீண்டும் பாதியாக்குகிறோம். 16,384 மாற்றங்கள் இருந்தாலும் 14 சோதனைகளில் ஒன்றே எஞ்சும். 'முதல் கெட்ட மாற்றம் இதுவே' என்று கருவி தீர்ப்புக் கூறும்.

கெர்னலின் உள்ளமைப்பை அறியாதவரும் பொறுமையிருந்தால் இதைச் செய்யலாம் என்பது பெரிய சிறப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்கலாமா?

2019-இல் 5.3 பதிப்பு உருவானபோது நடந்ததைப் பாருங்கள். ஒருவருடைய கணிப்பொறி பாதியில் நின்றது. தட்டுப்பலகையில் விசைகளை அழுத்தினால்தான் மேலே சென்றது! பைசெக்ட் காட்டிய குற்றவாளி, வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் 'எக்ஸ்ட் 4' பகுதியில் செய்த ஒரு திருத்தம். வட்டைப் படிக்கும் வேண்டுகோள்களின் எண்ணிக்கையைக் குறைத்ததே அது செய்த வேலை. நல்ல திருத்தம்தானே!

கோளாறு வேறிடத்தில் இருந்தது. இரகசியச் சாவிகளுக்கு யாரும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். வட்டு, தட்டுப்பலகை முதலியவை குறுக்கிடும் நேரங்களின் ஒழுங்கின்மையிலிருந்து கெர்னல் அதற்கான மூலப்பொருளைத் திரட்டி வந்தது. வட்டு வேலை குறையவே, குறுக்கீடுகளும் குறைந்தன. மூலப்பொருள் போதவில்லை. அத்தகைய எண்ணைக் கேட்ட நிரல் காத்துக்கொண்டே நின்றது. கணிப்பொறியும் சும்மாயிருந்ததால் புதிய குறுக்கீடுகளும் எழவில்லை.

லினஸ் டோர்வால்ட்ஸ் அத்திருத்தத்தைத் திரும்பப் பெற்று, 2019 செப்டம்பர் 15-இல் 5.3 பதிப்பை வெளியிட்டார். பயன்படுத்துவோரின் கணிப்பொறி எழவேண்டும் என்பதால் அது சரியான முடிவே. பின்னர், காத்திருக்காமல் கெர்னலே முயன்று மூலப்பொருளைத் திரட்டும் வழி 5.4 பதிப்பில் சேர்க்கப்பட்டது. கழற்றிய திருத்தமும் அதே பதிப்பில் திரும்ப இடம்பெற்றது. 'கெட்டது' எனப்பட்டது கெட்டதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். பைசெக்ட் காக்கையைத் தவறாமல் காட்டும். பழம் ஏற்கெனவே காம்பறுந்து நின்றதைக் காட்டாது. மேலும், கோளாறு சில வேளை மட்டும் தோன்றுமானால், ஒரே ஒரு தவறான 'நல்லது' தேடலையே வேறு பாதிக்குத் திருப்பிவிடும்.

நல்லது, கெட்டது என்பதற்குப் பதிலாகப் 'பழையது', 'புதியது' என்ற சொற்களையும் இக்கருவி ஏற்கிறது. அவையே நேர்மையான சொற்கள். எப்போது மாறியது என்று கூறுவதே கருவியின் வேலை. ஏன் மாறியது என்று ஆராயும் பொறுப்பு மனிதனுடையது.