பரிமாற்றமா, வரவேற்பா?

கடல் கடந்தால் சாதி கெடும் என்று எழுதி வைத்த நாடு இது. போதாயன தர்ம சூத்திரம் கடற்பயணத்தைச் சாதி இழப்புக்குரிய குற்றங்களுள் ஒன்றாக வைத்தது. கலமேறி வாணிகம் செய்த தமிழன் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னாளில், கல்விக்காகக் கடல் கடக்கும் வாய்ப்பு வந்தபோதோ, அந்த நூலைப் போற்றிய வீடுகளிலிருந்தே பலர் முந்திக்கொண்டு கப்பலேறினர்! சாத்திரம் எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை.

இன்று "பன்னாட்டுத் தரம்" என்பது பல்கலைக் கழகங்கள் ஓதும் மந்திரம். மந்திரத்தில் நமக்கு நம்பிக்கையில்லை. ஆகவே கேட்போம்: ஆசிரியப் பரிமாற்றம் என்கிறார்களே, வருபவர் யார், போகிறவர் யார், திரும்பியவர் தந்தது என்ன?

மதுரைக்கு இது புதிய பொருளன்று. 1881-இல் பசுமலையில் தோன்றிப் பின்னர் நகருக்குள் வந்த அமெரிக்கன் கல்லூரி, அயல்நாட்டார் அமைத்ததே. ஒபர்லின் கல்லூரியைச் சார்ந்து 1908-இல் எழுந்த ஷான்சி அமைப்பு, முதலில் சீனத்தில் பணியாற்றியது. அங்கே 1949-இல் ஆட்சி மாறிற்று. 1950-களில் அதன் பார்வை மதுரைப் பக்கம் திரும்பிற்று. பட்டம் பெற்ற அமெரிக்க இளைஞர்கள் வந்து, ஈராண்டு தங்கி, ஆங்கிலம் கற்பித்தனர். இங்கிருந்தும் ஆசிரியர் சிலர் ஒபர்லின் சென்றனர். நல்லதுதான். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வந்த உழவன் வீட்டுப் பிள்ளை, வெள்ளைக்காரனும் சித்திரை வெயிலில் நம்மைப் போலவே வியர்த்துத் தவிக்கிறான் என்று கண்டதே ஒரு பாடம். பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் புராணங்களைவிட நல்ல பாடம்.

ஆயினும், அவர்கள் தம் மொழியைக் கற்பிக்க வந்தனர்; நாமோ பெரும்பாலும் கற்கவே போனோம். கொடுப்பதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லையா? உண்டு என்று காட்டியவர் பன்மொழிப் புலவர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். 1960-களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக் கழகத்தில் தமிழ் கற்பித்தார். கைகட்டி நிற்கச் செல்லவில்லை. கரும்பலகை முன் நிற்கச் சென்றார். 1966-இல் மதுரைப் பல்கலைக் கழகம் பிறந்தபோது, அதன் முதல் துணைவேந்தர் அவரே. பரிமாற்றம் என்ற சொல்லுக்கு அந்தப் பயணம் பொருந்தும்.

இந்திய அரசு 2015-இல் தொடங்கிய திட்டத்தைப் பாருங்கள். பெயர் "கியான்"; வடமொழி வாடையில்லாமல் டில்லிக்குப் பெயர் வைக்கவே வராது. அயல்நாட்டுப் பேராசிரியர் வந்து 20 முதல் 28 மணி நேரம் பாடம் நடத்தினால், உயர்ந்த அளவாக 12,000 டாலர்! வரட்டும், அறிவுக்கு விலை கொடுப்பதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் இது வரவழைக்கும் திட்டம், அனுப்பும் திட்டமன்று. ஒருவழிப் பாதைக்குப் பரிமாற்றம் என்று பெயரிடலாமோ?

நம் அரசுக் கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் காலந்தள்ளும் கௌரவ விரிவுரையாளரை எண்ணுங்கள். கௌரவம் பெயரில் மட்டும் இருக்கிறது! ஊதியத்தோடு விடுப்பெடுத்து ஓராண்டு அயல்நாடு செல்ல அவருக்கு வழி எங்கே? தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் பலர் அவர்களுள் இருக்கின்றனர். அவர்கள் போகாத பயணம் யாருடைய பயணம்?

போய் வந்தவரிடமும் கணக்குக் கேட்க வேண்டும். கற்று வந்ததைத் திருமங்கலத்து மாணவனுக்கு விளங்கும் தமிழில் பத்துச் சொற்பொழிவாக அவர் ஆற்றட்டும். சிறு நூலாக அச்சிட்டுத் தரட்டும். பயணப்படி வழங்கும் ஆணையிலேயே இந்த நிபந்தனையை எழுதப் பல்கலைக் கழகங்களுக்கு என்ன தயக்கம்?