பேரிங் வண்டி

கோலார் தங்கவயலின் தார்ச்சாலைச் சரிவில் பேரிங் வண்டி இறங்கினால் முதலில் வந்து சேர்வது சத்தம்தான். ஒரு பலகை, குறுக்கே இரண்டு கட்டைகள், ஒர்க்‌ஷாப்பில் கெஞ்சி வாங்கிய மூன்று பழைய பேரிங்குகள். பிள்ளைகள் அவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்து அழுக்கைக் கழுவி, விரலால் சுண்டிவிட்டுக் காதருகே பிடிப்பார்கள். தடங்கலில்லாமல் சுற்றினால்தான் கட்டையில் ஏறும். முன்கட்டை போல்ட்டை இறுக்கினால் வண்டி திரும்பாது, தளர்த்தினால் தடம் மாறும்; நடுப்பதம் கைக்குத்தான் தெரியும். 2001இல் மூடிய சுரங்கத்தின் சயனைடு கழிவு மேடுகள் பக்கவாட்டில் நகர, வழவழத்த தாரில் சுருதி ஏறும். ஜல்லி பெயர்ந்த இடத்தில் பல்வரிசையே அதிரும். கடையில் வாங்கும் இன்லைன் ஸ்கேட்டுக்குள் சுற்றுவதும் இதே மாதிரி பேரிங் குண்டுகள்தான். மேலே மூடிய மெத்துச் சக்கரம் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. இறங்குகிற சுகம் கொஞ்ச நேரம். பலகையைத் தோளில் போட்டு மேடேறுவதோ நெடுநேரம். பிள்ளைகள் யாரும் சலித்துக்கொள்வதில்லை.