கோஸ் தின்ற முள்ளெலி

பால் கறந்த பிறகுதான் மாட்டுக்குக் கோஸ் தழை போட வேண்டும். கேமரன் மலையில் கம்போங் ராஜா பக்கம் மாடு வைத்திருந்த தோட்டத்து வீடுகளில் இதை யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கறப்பதற்குச் சற்று முன்னால் அவசரத்தில் அள்ளிப் போட்டுவிட்டால் அந்த வேளைப் பாலே காட்டிக்கொடுத்துவிடும். தேத்தண்ணியில் ஊற்றினால் வாடை இன்னும் தூக்கலாகத் தெரியும். தீனியின் மணம் வயிற்றின் வழியாக மட்டும் மடிக்குப் போவதில்லை. மாடு ஏப்பம் விடும்போது வெளியே வரும் ஆவியை அதுவே மறுபடி மூச்சில் இழுக்கிறது. அது நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து பாலுக்கும் போய்ச் சேர்கிறது. சில மணி நேரம் பொறுத்துக் கறந்தால் பெரும்பகுதி கலைந்து போயிருக்கும்.

ஆகவே, ஜப்பானில் கடல் முள்ளெலிக்கு முட்டைக்கோஸ் போட்டு வளர்க்கிறார்கள் என்று இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும், 'வாடை வராதா?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கேட்க வேண்டிய கேள்விதான். முள்ளெலியின் சுவையைப் பற்றிப் பேசத் தொடங்க இதைவிட நல்ல வாசல் கிடையாது.

தோக்கியோவுக்குத் தெற்கே, கனகாவா மாநிலத்தில் மியூரா தீபகற்பம் இருக்கிறது. மேட்டில் கோஸும் முள்ளங்கியும் விளையும்; கீழே இறங்கினால் மிசாக்கி, சூரை மீனுக்குப் பெயர்போன துறைமுகம். அந்தக் கரையோரத்தில் 'முராசாக்கி உனி' என்னும் கரு ஊதா நிற முள்ளெலிகள் பெருகி, பாறைமேல் இருந்த கடற்பாசிக் காட்டை மொட்டையடித்துவிட்டன. கடல் சூடாகச் சூடாகப் பாசி மீண்டும் தழைப்பது கஷ்டமாகிறது. தின்ன ஒன்றும் இல்லாமல் போனாலும் முள்ளெலி லேசில் சாகாது. பட்டினியோடு காலம் தள்ளும். ஆனால் உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. விலை போகாத அந்தப் பிராணியை முக்குளிப்பவர்கள் கடலுக்கடியிலேயே நசுக்கிக்கொண்டிருந்தார்கள். 2010-களின் நடுவில், கனகாவா மாநில மீன்வளத் தொழில்நுட்ப மையத்தைச் சேர்ந்த உசுயி கஸுஷிகே அவற்றைத் தொட்டியில் போட்டு, சந்தைக்குப் போகாமல் வயலிலேயே கழிந்துபோகும் மியூரா கோஸைத் தின்னக் கொடுத்தார். முள்ளெலி கோஸை விரும்பித் தின்றது. இரண்டு மூன்று மாதத்தில் ஓட்டுக்குள் சதை பல மடங்கு தேறியது. காலமும் வாகாகப் பொருந்தியது. வசந்தத்துக் கோஸ் அறுவடை முடிந்து மிச்சம் கிடக்கும் நேரமும், கோடையில் இனம் பெருக்குவதற்கு முன்னால் முள்ளெலி உடம்பைத் தேற்றிக்கொள்ளும் நேரமும் ஒன்றுதான். கோடைத் தொடக்கத்தில் அது தட்டுக்கு வந்துவிடுகிறது.

தின்கிற விதமே பார்க்கத் தகுந்தது. முள்ளெலிக்கு வாய் அடிப்பக்கம். அதில் ஐந்து பற்கள் நடுவில் குவிந்து கூடும். அந்தத் தாடை அமைப்பை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அரிஸ்டாட்டில் உற்றுப் பார்த்து எழுதியிருப்பதால், இன்றைக்கும் அதற்கு அரிஸ்டாட்டில் விளக்கு என்றுதான் பெயர். பற்கள் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும், தானாகவே கூர்பட்டுக்கொள்ளும். கோஸ் இலையின் மொத்தமான நடு நரம்பெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வாய்ப்பக்கத்தைச் சுற்றிக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தால் முதலில் கண்ணில் படுவது உப்புத் தண்ணீரும், அரைத்த தீனி நிரம்பிய கறுத்த குடலும். அதை வழித்து எடுத்துவிட்டால் ஓட்டின் உட்சுவரை ஒட்டி ஐந்து பட்டைகள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும். மஞ்சள், காவி, சில சமயம் செம்மஞ்சள். நாம் தின்பது இந்த ஐந்தைத்தான். பட்டையின் மேலே மிகச் சிறிய மணிகள் நெருங்கிப் புடைத்திருக்க வேண்டும். ஓரம் கரையாமல் நிற்க வேண்டும். மணிகள் மழுங்கி, பால் போல ஏதோ கசிந்திருந்தால் பருவம் தப்பிவிட்டது என்று அர்த்தம்.

பருவம் என்று இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பட்டை ஆணிலும் பெண்ணிலும் இருக்கும் இனப்பெருக்க உறுப்பு. ஆனால் இனம் பெருக்கும் காலம் வரும்வரை அதில் முட்டையோ விந்தோ பெரிதாக இருக்காது. சத்தைச் சேர்த்து வைக்கும் செல்கள்தான் நிறைந்திருக்கும்: கிளைக்கோஜன், புரதம், கொழுப்பு. முட்டையும் விந்தும் உருவாக ஆரம்பித்ததும் அந்தச் சேமிப்பு கரைந்து, பட்டை தளர்ந்து ஒழுக ஆரம்பிக்கும். ஆகவே சுவையான முள்ளெலி என்பது இன்னும் செலவு பண்ணாத ஒரு சேமிப்பு. மீனில் நாம் தின்பது நீந்துகிற தசையை. இங்கே தின்பது மாதக்கணக்கில் அது தின்று சேர்த்ததையே. தீனியின் சாயல் இதில் இவ்வளவு பச்சையாகத் தெரிவதற்கு இதைத்தான் காரணம் என்பேன்.

நாக்கில் வைத்தால் மெல்ல வேண்டியதில்லை. அண்ணத்தோடு அழுத்தினால் போதும். முதலில் வருவது இனிப்பு. கிளைசின், அலனின் என்ற அமினோ அமிலங்களின் இனிப்பு அது. சர்க்கரை இனிப்பு மாதிரி முன்னால் வந்து நிற்காது. அதற்குப் பின்னால் குளுட்டமேட்டின் ரசம் எழுகிறது. கடைசியில் அடிநாக்கில் வாலின் என்ற அமினோ அமிலம் கொடுக்கும் மெல்லிய கசப்பு. இத்தனையும் சேர்ந்தாலும் அது முள்ளெலி ஆகிவிடாது. 1960-களில் ஜப்பானிய ஆய்வாளர் கொமாட்டா, முள்ளெலிச் சாற்றில் உள்ள பொருள்களைச் செயற்கையாகக் கலந்து, ஒவ்வொன்றாக விலக்கிச் சுவைத்துப் பார்த்தார். கந்தகம் உள்ள மெத்தியோனினை விலக்கியதும் முள்ளெலியின் சுவை போய், இறால், நண்டின் சுவைதான் மிஞ்சியது. கொஞ்சூண்டு கந்தகம்தான் இந்தப் பிராணிக்கு முகம் கொடுக்கிறது.

தீனி மாறினால் இந்தக் கலவையின் அளவுகள் மாறும். மீன் சதை போட்டால் பட்டை சீக்கிரம் பருக்கும், ஆனால் கசப்பு ஏறி, சுவை மங்கிவிடும். முள்ளெலி வளர்ப்பவர்கள் எல்லாரும் அறிந்த பாடம் இது. இன்னொரு முனையில் ஹொக்கைடோவின் ரிஷிரி, ரெபுன் தீவுகள். அங்கே முள்ளெலி மேய்வது 'கொம்பு' என்னும் கடற்பாசியை. 1908-இல் வேதியியலாளர் இகேடா கிகுனே குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தது கொம்புவிலிருந்துதான். பாசியின் குளுட்டமேட் அப்படியே இடம் மாறி முள்ளெலிக்குள் குடியேறுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். உடம்பு எல்லாவற்றையும் பிரித்துத் தன் கணக்குக்குக் கட்டிக்கொள்கிறது. ஆனாலும் கொம்பு தின்ற முள்ளெலிக்குத்தான் சந்தையில் மவுசு. அது நியாயமான மவுசுதான். எல்லாக் கசப்பையும் தீனியின் தலையில் கட்டவும் முடியாது. 'பஃபுன் உனி' என்ற சிறு இனத்தில் பெண்ணின் சினையில் மட்டும் ஒரு கசப்புப் பொருள் ஊறும். அதற்கு எந்தத் தழையும் மருந்தில்லை.

கோஸ் தின்றதைச் சாப்பிட்டவர்கள் சொல்வது: இனிப்பு அதிகம், கசப்பு குறைவு, கடல் வாடை ஏறக்குறைய இல்லை. கடல் வாடை பிடிக்காமல் முள்ளெலியைத் தள்ளிவைத்தவர்களும் தின்கிறார்களாம். வியாபாரத்துக்கு நல்ல செய்தி. ரசிகனுக்கு இது அரைச் செய்திதான்.

கடல் மணம் என்பது என்ன? ஒரு பங்கு புரோமோபீனால் என்ற வகைப் பொருள்கள். கடற்பாசியும் புழுக்களும் உண்டாக்குபவை அவை. அவற்றைத் தின்னும் மீனிலும் இறாலிலும் சேர்கின்றன. குளத்து இறால் சப்பென்று இருக்கிறது, கடல் இறால் மணக்கிறது என்று சந்தையில் அம்மாக்கள் சொல்வதற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்ட காரணமும் இதுதான்: தொழிற்சாலைத் தீனியில் அந்தப் பொருள் கிடையாது. கோஸிலும் கிடையாது.

இன்னொரு பங்கு டைமெத்தில் சல்பைடு. கடற்கரையில் இறங்கியதும் 'கடல் வந்துவிட்டது' என்று மூக்கு சொல்கிறதே, அந்த மணத்தில் பெரும்பங்கு இதற்கு உண்டு, பாசிகள்தான் ஊற்று. வேடிக்கை என்னவென்றால், கோஸ் வேகும் சட்டியின் மூடியைத் திறக்கும்போது குப்பென்று வருவதிலும் இதே டைமெத்தில் சல்பைடு இருக்கிறது. ஜப்பானில் முதல் பறிப்புப் பச்சைத் தேயிலையில் பாசி மணம் அடிப்பதற்கும் இதுவே காரணம். நம் மலையில் பெரும்பாலும் போடுவது கறுப்புத் தேயிலை என்பதால் ப்ளூ வேலி பக்கத்துத் தேயிலை லயங்களில் அந்த மணம் பழக்கமில்லை. தேயிலை, கோஸ், கடல் மூன்றும் ஒரே பொருளில் வந்து சந்திக்கின்றன. அளவு கொஞ்சமாக இருந்தால் கடற்காற்று, கூடினால் வேகவைத்த கோஸ். 'வாடை வராதா' என்று கேட்டவரின் மூக்கு நுட்பமானது என்று இப்போது தெரிகிறது. ஆனால் பால் மாதிரி இல்லை இது. கறப்பதற்குச் சற்று முன்னால் மாடு தின்றது அந்த வேளைப் பாலுக்குள்ளேயே வந்துவிடும். முள்ளெலியின் பட்டை மாதக்கணக்கில் செல்லுக்குள் சேரும் இருப்பு. ஆவியாகிப் பறக்கும் வாடை அதில் தங்குவது கடினம். தங்குவது இனிப்பும் கசப்பும் நிறமும்.

நிறத்தையும் விட்டுவிடக் கூடாது. முள்ளெலியின் மஞ்சளுக்குக் காரணம் எகினினோன் என்ற நிறமி. தீனியில் கிடைக்கும் பீட்டா கரோட்டீனை அது தன் உடம்பில் எகினினோனாக மாற்றிக்கொள்கிறது. தீனியில் கரோட்டீன் இல்லையென்றால் பட்டை வெளிறி, நோயாளி மாதிரி இருக்கும். சுவை இருந்தாலும் யாரும் தொட மாட்டார்கள். கோஸில் கரோட்டீன் இருப்பது நாம் சமைக்கும் வெள்ளை உள்ளிலைகளில் அல்ல, லோரியில் ஏற்றுவதற்கு முன் உரித்து வயல் ஓரத்தில் எறியும் பச்சை மேலிலைகளில். கழிவு என்று நாம் தள்ளுவதுதான் முள்ளெலிக்கு உயர்ந்த பங்கு.

கனகாவாவைப் பார்த்து மற்ற ஊர்களும் இறங்கின. எஹிமே மாநிலத்து ஐனான் ஊரில் புரோக்கோலியும், அங்கே விளையும் சிட்ரஸ் பழமும் கொடுத்து வளர்க்கிறார்கள். பழம் கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் விளம்பர வாசனை அடிக்கிறது. என் தீர்ப்பு வேறு: உடம்பு தேறக் கோஸ், கடைசிச் சில வாரம் கடற்பாசி. தயாரித்த தீனியில் பருக்க வைத்த முள்ளெலியை விற்பதற்கு முன் பாசியில் விட்டு மணம் ஏற்றும் முறை ஏற்கெனவே உண்டு. கோஸின் இனிப்பும் பாசியின் மணமும் ஒரே பட்டையில் அமைந்தால் குறை சொல்ல எதுவும் மிஞ்சாது.

இத்தனை கவனமாக வளர்த்ததைக் கடைசியில் கெடுப்பது படிகாரம். பட்டை கரையாமல் வடிவம் நிற்பதற்காக மரத்தட்டில் அடுக்குமுன் படிகாரத் தண்ணீரில் முக்குகிறார்கள். பிறகு நாக்கில் ஒரு துவர்ப்பு, ஏதோ இரும்பைத் தொட்டது போன்ற ஒரு கசப்பு. கோலாலம்பூர் ஜப்பானிய உணவகத்தில் ஒருமுறை தின்று, 'எனக்கு இது ஒத்துவராது' என்று முடிவு கட்டியவர்களில் பலர் வெறுத்தது முள்ளெலியை அல்ல, படிகாரத்தையே. உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு வருவதும் உண்டு. விலை கூடத்தான். அதைக் கேட்டு வாங்குங்கள்.

நம் நாட்டுக்கும் முள்ளெலி புதிதல்ல. சபாவின் செம்பூர்ணாவில் பஜாவ் மக்கள் முள்ளை நீக்கிய ஓட்டுக்குள் அரிசியை அடைத்து வேகவைத்து 'தெஹே-தெஹே' என்று விற்கிறார்கள். சோற்றுக்குள் அந்த மஞ்சள் இறங்கியிருக்கும். நம் பகாங்கிலேயே தியோமான் தீவில் நீண்ட கறுப்பு முள்ளெலி குளிக்கப் போகிறவர்களின் காலைப் பதம் பார்க்கிறது. புத்ரா பல்கலைக்கழகத்தில் நம் கடல் முள்ளெலிகளை வளர்ப்பது பற்றிய ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. கோஸுக்கோ பஞ்சமே இல்லை. 2020 மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கேமரன் மலையில் டன் கணக்கில் காய்கறியைக் கொட்டினார்கள். கட்டுப்பாடு இல்லாத வருஷங்களிலும் விலை இறங்கினால் வயலிலேயே உழுதுவிடுவது உண்டு. செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போகும் லோரி, சிம்பாங் பூலாய் இறக்கத்தில் நாலு கூடை மேலிலையையும் சேர்த்து ஏற்றிக்கொள்ள முடியாதா என்ன?

ஆராய்ச்சி செய்பவர்கள் ஒரு தொட்டியில் இதைச் செய்து பார்க்க வேண்டும். வெப்பக் கடல் இனங்கள் மியூரா இனத்தைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சுவை எப்படி வருகிறது என்பதே ஒரு செய்திதான். கோஸ் அனுப்பும் தோட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீரில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க உலகெங்கும் ஆய்வகங்களில் முள்ளெலியின் கருவையும் பயன்படுத்துகிறார்கள். அவ்வளவு சீக்கிரம் பாதிக்கப்படும் பிராணி அது. நாம் தெளிக்கும் மருந்து முதலில் விழுவதும் மேலிலையில்தான். மருந்தடித்த சூடு ஆறாத தழையைத் தயவுசெய்து அந்தக் கூடையில் போடாதீர்கள்.