புறமுதுகு காட்டி ஜெயிக்கிறவர்கள்

2023 செப்டம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. சேலத்துப் புழுக்கம் தாங்காமல் முந்தின நாளே இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி ஏற்காட்டுக்கு வந்துவிட்டேன். மச்சினன் வீட்டுத் திண்ணையில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். எதிரே இருந்த சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாத அளவுக்குப் பனி. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நமக்கு முதல் பதக்கம் துப்பாக்கி சுடுதலில்தான் வரும் என்று போனைத் தடவினேன். விரல் தவறி, துடுப்புப் படகுப் போட்டியில் போய் விழுந்தது. அன்றைக்கு விழுந்தவன் இன்னும் எழவில்லை.

என்ன அழகு! ஊசி போல ஒல்லியான படகு. அதில் அர்ஜுன் லால் ஜாட், அர்விந்த் சிங் என்று இரண்டே பேர். எடை குறைந்த ஆடவர் இரட்டையர் பிரிவு. ஆளுக்கு இரண்டு துடுப்பு, நான்கும் ஒரே நொடியில் தண்ணீரில் இறங்கி ஒரே நொடியில் எழுகின்றன. 2000 மீட்டரை 6 நிமிடம் 28 நொடியில் கடந்து வெள்ளி வாங்கிவிட்டார்கள். காப்பி ஆறிப் பாலாடை கட்டியிருந்தது, எனக்குத் தெரியவே இல்லை.

இந்த விளையாட்டில் எனக்குப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. புறமுதுகு காட்டினால் அவமானம் என்று வளர்ந்த ஊர் நம்முடையது. இங்கே முதுகைக் காட்டிக்கொண்டுதான் வெற்றிக்கோட்டைத் தொட வேண்டும்! போகிற இடம் கண்ணில் படாது. விட்டுவந்த தண்ணீரும் பின்தங்கிய எதிராளியும்தான் தெரிவார்கள். முன்னால் இருப்பவனைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும், திருப்பினால் தாளம் போச்சு.

எண்மர் படகு வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எட்டுப் பேர், ஆளுக்கு ஒரே துடுப்பு. இவர்களைப் பார்த்தபடி ஒன்பதாவதாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். காக்ஸ் என்று பெயர். படகில் முன்னால் பார்க்கும் ஒரே மனிதர் அவர்தான். சுக்கானும் அவரிடம், அதட்டலும் அவரிடம். நம் படகில் அது தனஞ்சய் உத்தம் பாண்டே. சீனா 5:40.17, இந்தியா 5:43.01. மூன்று நொடிகூட இல்லை! நான் போட்ட கூச்சலில் மச்சினன் சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து, "என்னங்க மாமா, பாம்பா?" என்றான். "வெள்ளிடா!" என்றேன். பாபு லால் யாதவும் லேக் ராமும் எடுத்த வெண்கலத்தையும் சேர்த்தால், அன்றைக்கு இந்தியா வாங்கிய ஐந்து பதக்கங்களில் மூன்று படகிலிருந்து வந்தவை. எண்மர் படகில் உயிரைக் கொடுத்து வலித்த ஜஸ்விந்தர், பீம், புனித், ஆஷிஷ் நால்வரும் மறுநாளே நால்வர் போட்டியில் இறங்கி வெண்கலம் வாங்கினார்கள். வெள்ளி கைதவறியது 0.77 நொடியில். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று தேடிப் படித்தபோதுதான் தலை சுற்றியது. ராஜஸ்தான் பாலைவனத்துப் பிள்ளைகள், ஹரியானா வயல்காட்டுப் பிள்ளைகள். பலர் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டே பார்த்திருக்கிறார்கள். 2010-இல் குவாங்சோவில் இந்தியாவுக்குத் துடுப்புப் படகில் முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிய பஜ்ரங் லால் தாக்கர், ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்துக்காரர். தத்து போகனல் நாசிக் பக்கத்து வறட்சிக் கிராமத்தில் அப்பாவோடு கிணறு வெட்டியவர். 2018 ஆசிய விளையாட்டில், தனிநபர் துடுப்புப் போட்டியில் காய்ச்சலோடு தடுமாறிப் பின்தங்கினார். மறுநாளே நால்வர் படகில் தங்கம். தண்ணீருக்காகக் குடத்தோடு நின்ற ஊர்க்காரர்கள் தண்ணீர்மேல் பறக்கிறார்கள் சார்! நமக்கோ அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867-இலிருந்து இருக்கிறது. ஆனாலும் அந்த எண்மரில் ஒரு தமிழ்ப் பெயர் இல்லை. அந்த ஆதங்கம் தனிக் கதை, இன்றைக்கு வேண்டாம்.

அன்றைக்குப் பனி விலகியதும் மச்சினனை இழுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடினேன். எல்லாரும் மிதி படகுக்கு வரிசையில் நிற்க, நான் துடுப்புப் படகு கேட்டேன். கொஞ்சதூரம் போனதும் படகோட்டியிடம், "அண்ணே, நான் ஒரு தடவை வலிக்கட்டுமா?" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார். "உக்காந்தே வலிங்க சார், எந்திரிச்சிராதீங்க" என்று இடம் மாறிக் கொடுத்தார்.

படகு வட்டமடித்தது. வலது கை பலமாக இழுக்க, இடது கை வேடிக்கை பார்க்க, அண்ணா பூங்கா என் கண்முன்னே இரண்டு தடவை சுற்றி வந்தது. ஒரு துடுப்பு தண்ணீருக்குள் சிக்கி, பிடி வந்து நெஞ்சில் இடித்தது. வெள்ளைக்காரர்கள் இதற்கு நண்டு பிடிப்பது என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். நான் அன்றைக்கு ஒரு கூடை நண்டு பிடித்தேன். "கையால இழுக்காதீங்க சார், காலை ஊனி முதுகைச் சாச்சு வாங்க" என்றார் படகோட்டி. பந்தயப் படகின் ரகசியமே அதுதானே! அதில் உட்காரும் பலகைக்கு அடியில் சக்கரம் இருக்கும். காலால் உதைக்க உதைக்கப் பலகை ஓடும். பலத்தில் பெரும்பங்கு தொடையிலிருந்து வருகிறது. எங்கள் படகில் அசையாத மரப்பலகைதான். ஆனாலும் அவர் சொன்னபடி செய்ததும் இரண்டு துடுப்பும் ஒன்றாக இறங்கின. படகு நேராக, சத்தமே இல்லாமல் வழுக்கியது. பத்து வலிப்பு இருக்குமா? அவ்வளவுதான். அந்தப் பத்துக்கு என் வயதில் ஒரு வருடத்தை எழுதிக் கொடுப்பேன்.

உள்ளங்கையில் நான்கு கொப்புளங்கள். அதை வைத்துக்கொண்டு எண்மர் படகை நினைத்துப் பார்த்தேன். ஹாங்சோவில் அவர்கள் ஆறு நிமிடத்துக்குள் போன தூரம் எங்கள் ஏரியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனாலும் வராது. கோடை விழாவில் இதே ஏரியில் படகுப் போட்டி நடத்துகிறார்கள். அங்கே சிரிப்பும் கைதட்டலும் அமர்க்களப்படும், அதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் யாராவது அந்தக் கரையில் ஒரு நாள் பந்தயப் படகை இறக்கி, மலைக் கிராமத்துப் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாதா? ஏறி இறங்கியே தொடை உரமேறிய பிள்ளைகள்!

அடுத்த ஆசிய விளையாட்டு ஜப்பானின் ஐச்சி-நகோயாவில். 2026 செப்டம்பர் 19 என்று தேதி குறித்திருக்கிறார்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தி, அதனால் அலாரத்தைச் சீக்கிரமாக வையுங்கள். கிரிக்கெட் ஓடிப் போய்விடாது. நான் ஏற்காட்டில்தான் இருப்பேன், அதே திண்ணையில். வாங்க, காப்பி என் செலவு.