நிந்தகமும் வம்சாவளியும்

கண்டிப் பிரதானிகளின் குடும்ப வரலாற்றை எழுதுவோர் தவறாமல் நாடும் நூல் ஆர்ச்சிபால்ட் லோரி தொகுத்த மத்திய மாகாண விவரத்திரட்டு. கண்டி மாவட்ட நீதிபதியாக இருந்த அவர் அதை 1896இலும் 1898இலும் இரு பாகங்களாக வெளியிட்டார். யட்டிநுவர, உடுநுவர, தும்பறை ஊர்கள் பலவற்றுக்கும் அரசர் வழங்கிய சன்னஸ்கள் எனும் நிலக்கொடைப் பட்டயங்கள், நிலவழக்குகள், உரிமை கைமாறிய விவரங்கள் அதில் உள்ளன. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கெடுப்பிலிருந்து ஒரு மேனரின் உடைமையாளர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது போன்ற முறைதான் இது. இதன் பலம் பெரிது. வாய்மொழிப் பெருமைக்கு எல்லைக்கல் கிடையாது, நிலத்துக்கு உண்டு. எதிராளியும் தீர்ப்பும் ஆண்டும் உள்ள ஒரு வழக்கு, பிரதானியின் மாளிகையான வளவ்வவில் சொல்லப்படும் கதையைச் சோதித்துப் பார்க்க இடந்தருகிறது.

ஆனால் நிலம் தரும் இந்த உறுதியை அப்படியே இரத்த உறவுக்கும் நீட்டும்போது முறை பிழைக்கிறது. அரசர் பிரதானிக்கு அளித்த ஊரான நிந்தகம் எல்லாமே பரம்பரைச் சொத்தன்று. பதவியில் இருக்கும்வரை மட்டும் பிரதானி அனுபவித்த ஊர்களும் உண்டு என்பது, கண்டி அரசின் அமைப்பை ஆங்கிலேயருக்கு விளக்கி எழுதிய ஜோன் டொயிலியின் குறிப்பிலேயே தெளிவாகிறது. அரசர் சன்னஸ் எழுதி நிலையாக அளித்தால்தான் அது பரவேணி, அதாவது பரம்பரைச் சொத்து. ஆகவே ஓர் ஊரோடு ஒரு பெயர் சேர்ந்து வருவதைக் கண்டதும் அதை மூதாதையர் சொத்தென்று எழுதிவிடுவது அவசரம். சன்னஸையும் அப்படியே நம்ப முடியாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்துக்குப் பிறகு, ஆவணம் காட்டாதவரின் சேனையும் தரிசும் அரசுடையதாகிவிடும் என்ற நெருக்கடி வந்தது. போலிச் சன்னஸுக்கு அதைவிடப் பெரிய தூண்டுதல் வேண்டியதில்லை. தந்தைவழியாக மட்டுமே கிளை பிரியும் மரம் வேறொரு பிழை. கண்டிச் சட்டத்தில் பின்ன மணத்தில் கணவன் மனைவி வீட்டுக்கு வந்து வாழ்கிறான். பிள்ளைகளுக்குத் தாயின் நிலம் சேர்கிறது. தீக மணத்தில் புகுந்தவீடு செல்லும் மகள் தந்தையின் நிலத்தில் உரிமை இழக்கிறாள். சகோதரர்கள் ஒரு மனைவியோடு வாழ்ந்த வழக்கத்தை 1859ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்தது. அத்தகைய வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரே தந்தையைக் குறிப்பது நம் வசதிக்காகச் செய்யும் தேர்வு மட்டுமே. இங்கே நிலத்தைத் தொடர்ந்தால் பெண்கள் தாமாகவே தெரிய வருவார்கள். ஆண் பெயரை மட்டும் தொடர்ந்தால் பாதிக் குடும்பம் காணாமற் போகும்.

குடும்ப வரலாறு எழுதுபவர் தம் குடும்பத்தைத்தானே எழுத முடியும், ஊரார் கதையை அவரிடம் கேட்பது நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயந்தான். ஆனால் நிந்தகத்தின் மதிப்பே அதன் நிலகாரரின், அதாவது ஊழியம் செய்து நிலம் அனுபவித்த குடிகளின், உழைப்பில் இருந்தது. பிரதானிக்கென ஒதுக்கிய முத்தெட்டு வயலை உழுதவர் இல்லாமல் அந்த நிலத்தின் வரலாறு அரைகுறையே. ஆதாரம் இல்லையென்றும் சொல்ல முடியாது: 1870ஆம் ஆண்டின் ஊழிய நில உரிமைச் சட்டத்தின்கீழ் பங்கு எனப்படும் ஊழிய நிலக்கூறு வாரியாக, யார் என்ன ஊழியம் செய்யவேண்டும் என்று பதிவேடு எழுதப்பட்டது. ஆவணமில்லாதவருக்கு வரலாறு மறுக்கப்படுவது ஏட்டளவில் நிற்கும் கேடு அல்ல என்பதை மலையகத் தமிழர் நன்கறிவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்டதும் தந்தை அல்லது தந்தைவழி முன்னோர் இலங்கையில் பிறந்ததற்கான சான்றுதான். தோட்டத்து லயத்தில் பிறந்த பலரிடம் அது இருக்கவில்லை. நிலகாரரின் பெயர்களோ எழுத்திலேயே இருக்கின்றன. நிந்தக ஊழியங்களை முடித்துவைத்த சட்டம் 1968இல்தான் வந்தது. அந்தப் பங்குகளில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். வளவ்வவின் அடுத்த வம்ச வரலாறு லோரியோடு அந்தப் பதிவேட்டையும் விரித்து வைத்துக்கொண்டு, அவர்களிடமும் கேட்டு எழுதப்பட வேண்டும்.