சீட்டுக்கவியும் கடன் கடிதமும்

1919-இல் பாரதி எட்டயபுரம் ஜமீன்தாருக்கு எழுதிய இரண்டு சீட்டுக்கவிகளைப் படிக்க எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். சால்வை, பொற்பை, பல்லக்கு எல்லாம் கேட்கிறார். குரல் மட்டும் தாழவில்லை. உதவி வரவில்லை.

அடுத்த ஆண்டு நண்பர்களுக்குச் சுற்றுக்கடிதம்: 40 நூல்கள், தலா 10,000 பிரதிகள், 20,000 ரூபாய் கடன் வேண்டும். சீட்டுக்கவியைவிட இதுதான் எனக்குத் துணிச்சலாகத் தெரிகிறது. அங்கே பேசுவது புலவர். இங்கே அச்சுக்கணக்குப் போடும் எழுத்தாளர். அலெக்சாண்டர் போப் ‘இலியட்’ மொழிபெயர்ப்புக்குச் சந்தா சேர்த்தபோது சுவிஃப்ட் ஆள் பிடித்துக் கொடுத்தார். போப் புரவலர் தயவில்லாமல் வாழ்ந்தார். பாரதிக்கு அப்படி அமையவில்லை.

போன மாதம் செடெனாக்கில் நண்பன் தன் கவிதைத் தொகுப்பை பிடிஎஃப்பாக அனுப்பி, “வெளியீட்டுக்கு டத்தோ வர்றாராம்டா” என்றான். “எவ்ளோ கொடுப்பாரு?” என்றுதான் முதலில் கேட்டேன். தொகுப்பை இன்னும் திறக்கவில்லை.